அடுத்த பேனாக்கத்தி எது? தினமும் கூட வச்சுப் பொழங்கறவங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

இது முதல் கத்தி வாங்கறவங்களுக்கு எழுதினது இல்ல. ஏற்கனவே ஒன்னு இருக்கு, அதுல ஏதோ ஒத்துவரல, அடுத்தது எது வாங்கலாம்னு ராத்திரி ஷோப்பி ஆப்ல உருட்டிட்டு இருக்கறவங்களுக்கு. நான் மலேசியாவுல, பினாங்குத் தீவுல இருக்கற பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரில மெயின்டனன்ஸ் வேலை பாக்கறேன், எனக்குக் கத்தி பிடிக்கும்னு தெரிஞ்சதால புதுசா சேர்ற பசங்க போனை நீட்டி "அண்ணே, இது நல்ல ஸ்டீலா?"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. எல்லாரும் வழுக்கறது அங்கதான். ஸ்டீல் ரொம்பப் பின்னாடி வர்ற கேள்வி. முன்னாடி தீர்க்க வேண்டியதைத் தீர்க்காம அதைக் கேட்டா, வர்ற பதில் வேற யாருக்கோ சொன்ன பதிலாத்தான் இருக்கும்.

கீழ இருக்கற வரிசையை மாத்தாதீங்க. ஒவ்வொரு படியும் அடுத்த படில இருக்கற சாய்ஸைக் குறைச்சுக்கிட்டே வரும், நானூறு கத்தி இருந்த லிஸ்ட் கடைசில நாலா நிக்கணும்.

1. முன்னாடியே எடுத்து வைக்க வேண்டியது

பழைய கத்தி, ஒரு ரூலர், ஒரு தாள், வழக்கமா போடற வேலை பேண்ட். அவ்வளவுதான்.

பட்ஜெட்டையும் இப்பவே எழுதிடுங்க, அதுல ஒரு பங்கை சாணைக்கல்லுக்குன்னு தனியா ஒதுக்குங்க. 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) கத்தி வாங்கிட்டு கல்லு இல்லாம இருக்கறவர் கொஞ்ச நாள்ல மொட்டைக் கத்தியோட சுத்துவார். 120 வெள்ளிக் கத்தியும் நல்ல கல்லும் வச்சிருக்கறவர் எப்பவும் கூரா வச்சிருப்பார். இதை யாரும் நம்ப மாட்டாங்க, சொல்லி வைக்கறேன்.

2. பழைய கத்தியை வெளிச்சத்துல வச்சுப் பாருங்க

அடுத்த கத்திக்கு என்ன வேணும்னு பழைய கத்தி மேலயே எழுதியிருக்கும். அதைப் படிக்காம யூடியூப் பாக்கப் போயிடறோம்.

நுனி மழுங்கியோ ஒடிஞ்சோ இருக்கா? அப்ப நீங்க அதை ஸ்க்ரூ கழட்டவும் டப்பா மூடி நெம்பவும் பொழங்கியிருக்கீங்க. உங்களுக்கு வேண்டியது கெட்டியான கத்தி இல்ல, ஸ்க்ரூ டிரைவரும் சேர்ந்த கத்தி. நெம்பறதுக்குன்னு தடிச்ச பிளேடு வாங்குனா அது வெட்டாது, நெம்பவும் சரியா நெம்பாது.

கூர் எங்க போயிருக்குன்னு பாருங்க. பிடிக்குப் பக்கத்துல மட்டும் மொட்டையா இருந்தா கேபிள் டை, கயிறு மாதிரி அழுத்தி வெட்ற வேலை அதிகம். நுனிப்பக்கம் மட்டும் போயிருந்தா பார்சல் பிரிக்கற வேலைதான் அதிகம், நுனி உள்ள இருக்கற சாமான் மேல இடிச்சுட்டு இருக்கு.

பிளேடு ரெண்டு பக்கமும் மங்கலா டேப் பசை ஒட்டியிருக்கா? பிவட் (பிளேடு சுத்தித் திரும்பற ஆணி) ஓரத்துல, பிளேடு மடங்கி உள்ள போற இடத்துல, மிளகு தூவின மாதிரி சின்னச் சின்ன பழுப்புப் புள்ளி இருக்கா? அந்தப் புள்ளியை ஞாபகம் வச்சுக்குங்க, ஏழாவது படில அதுதான் முடிவு பண்ணும்.

கடைசியா, கத்தி வீட்டு டிராயர்லயே கிடந்து பளபளன்னு இருந்தா அது ரொம்பப் பெரிசு இல்ல ரொம்ப கனம். புதுசா வாங்கறதும் அதே சைஸ்னா அதுவும் டிராயருக்குத்தான்.

3. ஒரு வாரம் எதை வெட்றீங்கன்னு எழுதுங்க

தாள் எதுக்குன்னு கேட்டீங்கள்ல, இதுக்கு. ஒவ்வொரு தடவையும் கத்தியை எடுக்கறப்ப, இல்ல 'ஒரு கத்தி இருந்தா நல்லாருக்குமே'ன்னு தோணறப்ப, ஒரு வார்த்தை எழுதுங்க. பார்சல் டேப், ராஃபியா கயிறு, அரிசி மூட்டை தையல், கொய்யாக்கா, கேபிள் டை, பிள்ளைங்க சட்டை லேபிள், சாமிக்கு வாங்கின மாலைல நார்.

எழுதாம மனசுல நெனச்சா பொய்தான் வரும். காட்டுக்குப் போவேன், கட்டை சீவுவேன், நெருப்பு மூட்டுவேன்னு மனசு சொல்லும். தாள்ல பாத்தா பாதிக்கு மேல அட்டைப் பெட்டியும் பிளாஸ்டிக்கும்தான் இருக்கும்.

லிஸ்ட்ல 'கத்தரிக்கோல் இருந்தா நல்லாருக்கும்'னு தோணற விஷயம் எத்தனைன்னு குறிங்க. நூல், லேபிள், மருந்து ஸ்ட்ரிப், பிளாஸ்டர் இதெல்லாம் அதிகமா இருந்தா உங்க தேடல் பாதி இங்கயே முடிஞ்சது, கத்தரி வச்ச சுவிஸ் கத்தி போதும். விக்டோரினொக்ஸ்ல 58 மில்லிமீட்டர் கிளாசிக் சாவிக்கொத்துல தொங்கும், 91 மில்லிமீட்டர்ல கிளைம்பர், காம்பாக்ட் ரெண்டுலயும் நல்ல கத்தரி இருக்கு. அதெல்லாம் பாட்டி காலத்துக் கத்தின்னு பசங்க மூஞ்சைச் சுளிப்பாங்க, சுளிக்கட்டும்.

டுரியான் உங்க லிஸ்ட்ல இருந்தா தயவுசெஞ்சு அடிச்சுடுங்க. பாலிக் பூலாவ்ல பழக்கடைக்காரர் பிளக்கறதைப் பாத்துட்டு பேனாக்கத்தியைச் சொருகித் திருப்பினா நுனி போகும், இல்ல பிவட் லூசாகும். வெட்றதுக்குன்னு செஞ்சதைத் திருகினா இப்படித்தான். கடைக்காரர்கிட்டயே பிளந்து வாங்கிட்டு வாங்க.

4. சட்டம்: இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீங்க

இதைக் கடைசில சொல்ற வழக்கம் இருக்கு, தப்பு. எந்த மாதிரி கத்தி வாங்கலாம்ங்கறதையே இதுதான் தீர்மானிக்குது.

நம்ம ஊர்ல 1958-ஆம் வருஷத்து அரிப்புப் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டம் இருக்கு. அதுல 6(1) பிரிவு, பொது இடத்துல சட்டப்படியான காரணம் இல்லாம அபாயகர ஆயுதம் வச்சிருந்தா 5 வருஷத்துக்குக் குறையாம 10 வருஷம் வரைக்கும் ஜெயில், பிரம்படியும் உண்டு. ஆயுதம்ங்கறதுக்கு அந்தச் சட்டம் சொல்ற அர்த்தமும் ரொம்ப அகலம், தாக்கப் பொழங்கினா காயம் பண்ணக்கூடிய எந்தக் கருவியும் அதுக்குள்ள வந்துடும்.

அதனால '3 இன்ச்சுக்குக் கீழ இருந்தா பரவால்ல'ன்னு பசங்க சொல்றது இங்க செல்லாது. அது இங்கிலாந்து சட்டத்துல லாக் இல்லாத மடக்குக் கத்திக்குச் சொன்ன அளவு, வீடியோல கேட்டுட்டு அப்படியே இங்க கொண்டுவந்துட்டாங்க. நம்மகிட்ட கேள்வி 'எத்தனை இன்ச்'ங்கறது இல்ல, 'எதுக்கு வச்சிருக்க'ங்கறதுதான்.

இதுல இருந்து நாலு முடிவு எடுத்துக்கலாம். பட்டனைத் தட்டினா தானா பாயற கத்தி, உதறினா விரியற பட்டாம்பூச்சிக் கத்தி, இதெல்லாம் எவ்வளவு மலிவா கிடைச்சாலும் லிஸ்ட்டை விட்டுத் தூக்கிடுங்க. கறுப்பு பிளேடு, மண்டையோடு படம், ரெண்டு பக்கமும் கூர் மாதிரி தெரியற டிசைன், இதுவும் வேணாம், போலீஸ் ரோட் பிளாக்ல ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் வெளிச்சத்துல அது எப்படித் தெரியும்னு யோசிங்க. வேலைக்குன்னு வாங்கற கத்தி வேலைப் பையில டூல்ஸோட இருக்கட்டும், வேலை முடிஞ்சு மாமாக் சாப்பாட்டுக் கடைல உக்காந்திருக்கறப்ப இடுப்புல இருக்க வேணாம். தற்காப்புக்குன்னு நெனச்சு வாங்கறதா இருந்தா வாங்காதீங்க, போலீஸ்கிட்ட அந்த வார்த்தையைச் சொன்னாலே உங்க கேஸை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போறப்ப, கோர்ட்டுக்குப் போறப்ப, மேட்ச் பாக்கப் போறப்ப வீட்டுல வச்சுட்டுப் போங்க. ஃபிளைட்டுக்கு கையில எடுத்துட்டுப் போற பையில வைக்கவே முடியாது, செக்-இன் பெட்டிக்குள்ள போடணும். ஏர்போர்ட்ல புடுங்கிட்டாங்கன்னு புலம்பறவங்க எல்லாம் சாவிக்கொத்துல குட்டிக் கத்தி தொங்கறதை மறந்தவங்க.

5. அளவு

பிளேடு 6ல இருந்து 7.5 சென்டிமீட்டர். நம்ம லிஸ்ட்ல இருக்கற முக்கால்வாசி வேலைக்கு இது தாராளம், ஆப்பிள் வெட்டலாம், பெரிய பெட்டி பிரிக்கலாம். இதுக்கு மேல போனா கனமும் பாக்கறவங்க பயமும் ஏறும், வேலை ஏறாது.

வாங்க நெனக்கற கத்தியோட பிடி நீளத்தைப் பாத்து, ரூலர்ல அளந்து அதே அளவுக்கு ஒரு அட்டைத் துண்டை வெட்டி பேண்ட் பாக்கெட்ல போட்டு மோட்டோல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. உக்காரறப்ப தொடையில குத்துச்சுன்னா அந்த சைஸ் வேணாம். ஆன்லைன்ல படத்துல எல்லாக் கத்தியும் ஒரே சைஸாத்தான் தெரியும், அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

கனம் 100 கிராமுக்குக் கீழ. லுங்கியோ டிராக் பேண்டோ போட்டுட்டு மார்க்கெட் போற ஆளா இருந்தா 60க்குக் கீழ பாருங்க.

6. லாக் வேணுமா, வேணாமா

சுவிஸ் கத்தி மாதிரி ஸ்பிரிங்ல மட்டும் நிக்கறது ஒரு வகை, லாக் கிடையாது. பழம், டேப், கயிறு இழுத்து வெட்ற வேலைக்கு இது போதும், யார் பாத்தாலும் கருவியாத்தான் தெரியும். ஆனா நுனியால குத்தித் தள்ளக்கூடாது, மடங்கி விரல்ல விழும்.

அழுத்தி வெட்ற வேலை, ஏணி மேல நின்னு ஒரு கையால திறக்கற வேலை இருந்தா லாக் வேணும். லைனர் லாக் (பிடிக்குள்ள இருக்கற ஒரு தகடு நகர்ந்து பிளேடுக்குப் பின்னாடி நின்னு பிடிக்கறது) மலிவு, எங்கயும் கிடைக்கும், ஆனா மூடறப்ப கட்டை விரல் பிளேடு வர்ற பாதையிலயே இருக்கும், புதுசா பழகறவங்க வெட்டிக்கறது திறக்கறப்ப இல்ல, மூடறப்பதான். பின்பக்க முதுகுல அழுத்தற லாக்பேக் பலமானது, மூட ரெண்டு கை வேணும். பிடிக்குக் குறுக்கே போற கிராஸ்பார் லாக்ல விரல் பாதையில வராது, இடது கைக்காரங்களுக்கும் அதுதான் வசதி. லைனர் லாக் பெரும்பாலும் வலது கைக்குன்னே செஞ்சது, இடது கைக்காரர் இதைத் தெரியாம வாங்கி அவஸ்தைப்படறதை நிறையப் பாத்துட்டேன்.

ஒப்பினெல் 8ஆம் நம்பர் பத்தி எல்லாரும் கேப்பாங்க. 8.5 சென்டி பிளேடு, மர பிடி, வளையத்தைத் திருப்பி லாக் பண்றது. பழம் வெட்ட அவ்வளவு அருமையா இருக்கும், பிளேடு மெல்லிசு. ஆனா மரம் நம்ம ஊர் ஈரத்துல ஊதிக்கும், மழைக் காலத்துல நகத்தால இழுத்தாலும் வராது. வளையத்தைத் திறந்து வச்சுக்கிட்டு பிடியோட வால் பக்கத்தை மேசை ஓரத்துல ஒரு தட்டு தட்டினா பிளேடு தலையை நீட்டும், அப்பறம் இழுக்கலாம். அந்தத் தட்டு உங்களுக்கு ரசிக்கும்னா வாங்குங்க, எரிச்சல் வரும்னா விடுங்க. சைஸும் நான் மேல சொன்ன அளவைத் தாண்டுது, அதனால சாப்பாட்டுப் பையோட இருக்க வேண்டிய கத்தி அது, பாக்கெட்ல இல்ல.

7. ஸ்டீல்: இப்ப கேளுங்க

முதல்ல ஒன்னு. வெட்றது ஸ்டீல் இல்ல, வடிவம். கூருக்குப் பின்னாடி பிளேடு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு சுலபமா வெட்டும். முதுகு 2, 2.5 மில்லி இருந்தா கொய்யாக்காயைச் சீவும், 4 மில்லி தடிப்புன்னா நடுவுல போய் நின்னு பிளந்துடும். உலகத்துலயே விலை கூடின ஸ்டீலா இருந்தாலும் தடிச்சா கதை அதேதான். நுனி வளைஞ்சு கீழ இறங்கின ஷீப்ஸ்ஃபுட் வடிவம் பார்சல் வேலைக்கு நல்லது, உள்ள இருக்கற சாமானைக் கிழிக்காது, பாக்கவும் சாதுவா இருக்கும்.

இப்ப துரு. கத்தி இங்க இருக்கறது வேர்வைல நனையற பாக்கெட்ல, கடல் காத்து அடிக்கற தீவுல. வெளிநாட்டு ஆளுங்க 'எனக்குத் துருவே பிடிக்கல'ன்னு எழுதினதை நம்பி இங்க வாங்காதீங்க.

பசங்க அதிகமா மாட்டறது டி2ங்கற ஸ்டீல்ல. மலிவு, கூர் ரொம்ப நாள் நிக்கும், அதுல 12 சதவீதம் குரோமியம் இருக்குன்னு படிச்சுட்டு துருப்பிடிக்காதுன்னு நெனச்சுக்கறாங்க. பிரச்சனை என்னன்னா டி2ல கார்பன் 1.5 சதவீதம், அந்தக் கார்பன் குரோமியத்தைப் பிடிச்சு வச்சு கார்பைடா, அதாவது கெட்டியான குட்டித் துகளா மாத்திடும், துருவைத் தடுக்க மிச்சம் இருக்கறது கொஞ்சம்தான். 2021ல வந்த மேக்னகட் ஸ்டீல்ல மொத்த குரோமியமே 10.7 சதவீதம்தான், டி2வை விடக் குறைவு, ஆனா அது கார்பைடுல மாட்டாம இரும்போடயே கலந்து நிக்கறதால துரு கிட்ட வர்றது கஷ்டம். பெட்டில போட்டிருக்கற சதவீதத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்கங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் இல்ல.

நம்ம ஊருக்கு, நடுத்தர விலைக்கு, என் சாய்ஸ் 14சி28என். துருவுக்கு நல்லா தாங்கும், மெல்லிசா சாணை பிடிச்சாலும் பொரியாது, சாதாரணக் கல்லுலயே அஞ்சு நிமிஷத்துல கூர் வந்துடும். சுவிஸ் கத்தி ஸ்டீல் இதை விட மெது, ராக்வெல் அளவுல கடினம் 56 பக்கம்தான் வரும், சீக்கிரம் மொட்டையாகும், ஆனா கோப்பைக்கு அடியில பாலிஷ் இல்லாத பீங்கான் வளையம் இருக்கும் பாருங்க, அதுல நாலு இழுப்பு இழுத்தா திரும்ப வந்துடும், துருப்பிடிக்கறதும் அபூர்வம். பழைய கத்தியில அந்தப் பழுப்புப் புள்ளி அதிகமா இருந்தவங்க, படகுல மீன் பிடிக்கப் போறவங்க, எல்சி200என் பாருங்க. அதுல கார்பனோட வேலையைப் பெரும்பாலும் நைட்ரஜன் பாக்குது, உப்புத் தண்ணி ஒன்னும் பண்ணாது.

எஸ்30வி மாதிரி வனேடியம் கூடின ஸ்டீல் வாங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட டயமண்ட் கல்லு இருக்கான்னு பாருங்க. வனேடியம் கார்பைட் சாதாரண அலுமினியம் ஆக்சைட் கல்லை விடக் கெட்டி, மளிகைக் கடைல வாங்கின கல்லுல தேய்ச்சா கல்லுதான் தேயும். கடைசில மனசு வெறுத்து பசார்ல கிரைண்டர் வச்சிருக்கறவர்கிட்ட கொடுப்பாங்க, அவர் தீப்பொறி பறக்கத் தேய்ச்சு கூர் ஓரம் நீலமாகற வரைக்கும் சூடேத்திடுவார், அந்த இடத்துல ஸ்டீலோட பதமே போயிடும்.

8. பிடியும் கிளிப்பும்

வேர்வைக் கைல வழுக்காதது வேணும். ஜி10 (கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த தகடு), சொரசொரப்பான நைலான் ரெண்டும் நல்லது, வழவழ ஸ்டீல் பிடி அழகா இருக்கும், வழுக்கும்.

பாக்கெட் ஓரத்துல மாட்டற கிளிப் கழட்டற மாதிரி இருக்கான்னு பாருங்க. வெளிய தெரியற கிளிப் வேணாம்னு நெனக்கறேன், காரணம் நாலாவது படிதான். கழட்டிட்டு சின்ன துணிப் பையில போட்டு வச்சா போனையும் கீறாது.

9. வாங்கற இடமும் போலியும்

பிரபல மாடல் பாதி விலைக்குக் கீழ, புத்தம் புதுசு, ஆயிரக்கணக்குல ஸ்டாக் இருக்குன்னா அது போலி. போலியில பிளேடுல ஸ்டீல் பேரு சரியாத்தான் அடிச்சிருப்பாங்க, உள்ள என்ன இருக்குன்னு அடிச்சவருக்கே தெரியாது. நேர்ல விக்கற கடையா இருந்தா பத்து இருபது வெள்ளி கூட ஆனாலும் பரவால்லன்னு வாங்குங்க, கைல பிடிச்சுப் பாக்கறதுக்கு அந்தக் காசு தகும். வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா கஸ்டம்ஸ்ல நிக்க வாய்ப்பு இருக்கு, உள்ளூர் ஸ்டாக்கான்னு கேட்டுக்குங்க.

10. கைக்கு வந்ததும் பாக்க வேண்டியது

டேப் வெட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி இதைச் செய்ங்க, ஒரு தடவை பொழங்கிட்டா திரும்ப எடுத்துக்க மாட்டாங்க.

மூடி வச்சு மேல இருந்து பாருங்க, பிளேடு ரெண்டு சுவருக்கும் நடுவுல நிக்கணும், உரசக் கூடாது. திறந்து நுனியைப் பிடிச்சு மெதுவா இடது வலது ஆட்டுங்க, லேசா ஆடினா பிவட் ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கினா சரியாயிடும். மேல கீழ ஆடினா அது லாக்கோட குறை, ஸ்க்ரூவால தீராது, திருப்பி அனுப்புங்க. லைனர் லாக்னா அந்தத் தகடு பிளேடு அடிப்பக்கத்துல கால்வாசியில இருந்து பாதி வரைக்கும் ஏறி நிக்கணும், ஓரத்துல மட்டும் தொட்டுட்டு இருந்தா நம்பாதீங்க. விரலை எல்லாம் பாதையை விட்டு எடுத்துட்டு முதுகுல உள்ளங்கையால அழுத்திப் பாருங்க போதும், வீடியோல மாதிரி மேசையில ஓங்கி அடிச்சுப் பாத்தா நல்ல லாக்கும் கெட்டுப் போகும்.

அப்பறம் ரசீதை மடிச்சுத் தாள் ஓரத்துல இருந்து சீவுங்க. ஒரே இடத்துல தொடர்ந்து சிக்கினா அங்க கூர் சரியா பிடிக்கல, கல்லுல எடுத்துடலாம், அதுக்காக திருப்பி அனுப்ப வேணாம்.

11. முதல் மாசம்

எண்ணெய் விஷயத்துல நம்ம வீட்டுப் பழக்கம் ஒன்னு இருக்கு, தேங்காய் எண்ணெயைத் தடவிடறது. வேணாம், நாளாக ஆக பிசுபிசுன்னு ஆகி தூசியைப் பிடிச்சு பிவட் இறுகிடும். சாப்பாட்டுக்குப் பாதகம் இல்லாத மினரல் ஆயில் ஃபார்மசிலயே கிடைக்கும், பிவட்ல ஒரு சொட்டு, பிளேடுல துணியால ஒரு தடவல். துரு எடுக்கற ஸ்பிரே கிளீன் பண்ணத்தான் லாயக்கு, அடிச்சுட்டுத் துடைச்சுட்டு மினரல் ஆயில் போடுங்க, அந்தக் கத்தியாலயே பழம் வெட்றதா இருந்தா சோப்புத் தண்ணில கழுவிட்டுப் போடுங்க.

எலுமிச்சை, மாங்கா, அன்னாசி வெட்டினா உடனே கழுவித் துடைங்க, புளிப்புதான் டி2வுக்கும் கார்பன் ஸ்டீலுக்கும் பெரிய எதிரி. டேப் பசை ஒட்டினா சுரண்டாதீங்க, சமையல் எண்ணெயை ஒரு துளி தேய்ச்சு ரெண்டு நிமிஷம் விட்டா கழண்டுடும்.

சாணை, மொட்டையான அப்பறம் பிடிக்கறது இல்ல. தாள் சிக்க ஆரம்பிச்சதும் ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி வாக்குல ஆயிரம் கிரிட் (எண் கூடக் கூட கல்லு நைஸா இருக்கும்) கல்லுல சில இழுப்பு, அவ்வளவுதான். முழுசா மொட்டையாகற வரைக்கும் விட்டா 400ல இருந்து ஆரம்பிக்கணும், அரை மணி நேரம் போகும்.

பெட்டி, ரசீது, கழட்டின கிளிப், அதோட ஸ்க்ரூ எல்லாத்தையும் ஒரே பையில கட்டி வைங்க. ஒரு மாசம் கழிச்சும் கை தன்னால பழைய கத்தியைத் தேடிப் போச்சுன்னா புதுசை வித்துடலாம், பெட்டியோட இருந்தா விலை அவ்வளவா இறங்காது, கிரைண்டர் படாம இருந்தா இன்னும் நல்லது.